மூவாரிலிருந்து வந்த பெல்லட் மூட்டை

தம்பி,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், உன் கிரில்லின் பிளக்கைப் பிடுங்கி வைத்ததுதான். முகம் கழுவவில்லை. சாமி விளக்கு ஏற்றவில்லை. சிங்கப்பூர் வேலைக்காக நீ விடியுமுன்னே கிளம்பிவிட்டிருந்தாய். உன் அப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். நைட்டிக்கு மேலே அவருடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, போர்ச்சில் காருக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கறுப்புப் பெட்டியின் உறையை உருவினேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இத்தனை காலையிலேயே விருந்தா என்று கேட்டார். விருந்து போன வாரமே முடிந்துவிட்டது, இப்போது துடைக்கிறேன் என்றேன். வழக்கமாக நீ சமைத்த மறுநாளே இந்த வேலையை முடித்துவிடுவேன். இந்த முறை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த மூடியைத் திறக்க மனம் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். நேரில் சொன்னால் நீ "சரிம்மா" என்பாய். தலையை ஆட்டிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பாய். உன் "சரிம்மா"வுக்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் உண்மையிலேயே சரி என்று பொருள்படுவது ரொம்பக் கொஞ்சம். கல்யாணம் முடிந்ததும் நீயும் தர்ஷினியும் மூவாரில் குடியேறப் போகிறீர்கள். அவளுக்குப் பள்ளி வேலை அங்கே, உனக்கும் அங்கேயே ஒரு வேலை அமைந்துவிட்டது. இனி இரண்டு வேளையும் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்று சாக வேண்டியதில்லை என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. கிரில்லும் உன்னோடு போகிறது. தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் லாரியிலேயே ஏற்றி அனுப்புவதாக உன் மாமனார் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று. அதை வாங்கிய நாளிலிருந்து அதில் சமைத்தது நீ, துடைத்தது நான். சமைக்கிறவனுக்குத் தன் அடுப்பைப் பற்றிப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

அது வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, கூட்டாளி ஒருவனுடைய வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரத்தூளை இறுக்கி, பென்சில் துண்டு மாதிரி செய்த பெல்லட்டை ஒரு பக்கத் தொட்டியில் கொட்ட வேண்டும், உள்ளே ஒரு திருகுத் தண்டு சுழன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும், சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நீ விளக்கினாய். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரண்ட் அடுப்புக்கு விறகு எதுக்கு? விறகு அடுப்புக்குக் கரண்ட் எதுக்கு? யாரோ உன் தலையில கட்டிட்டாண்டா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வைத்த கோழியில் அவர் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. எலும்பைச் சப்பிக்கொண்டே, மறு ஞாயிறு ஆட்டுத் தொடை வைக்கலாமா என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து தம்போயில் நம் வரிசை முழுக்க ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் புகை வாசம்தான்.

துடைப்பதைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதைக் கழுவக் கூடாது. நம்மவர்களுக்கு இது பெரிய சோதனை. எதையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால்தான் சுத்தம் என்று வளர்ந்தவர்கள் நாம். முதல் தீபாவளிக்கு முன்னால், வீடு கழுவிய கையோடு அப்பா ரப்பர் குழாயை அதன் பக்கமும் திருப்பியது உனக்கு மறக்காது. தொட்டியில் இருந்த பெல்லட் முழுக்கத் தண்ணீர் குடித்து, கஞ்சி மாதிரி ஊதி, திருகுத் தண்டுக்குள் போய் இறுகிக்கொண்டது. பண்டிகை நாளன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு நீ கரண்டியால் தோண்டினாய். நம் ஊரில் மழை நேரடியாகப் பட வேண்டும் என்றுகூட இல்லை, காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. ஆகவே சமைத்து முடித்ததும் மிச்சப் பெல்லட்டைத் தொட்டியிலேயே விட்டுவிடாதே. அள்ளி, இறுக்கமாக மூடும் வாளியில் போட்டு வை. மறுமுறை ஒன்றிரண்டைக் கையில் எடுத்து ஒடித்துப் பார். 'டக்'கென்று ஒடிந்தால் நல்லது. பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தால் வேண்டாம். உறையையும் நாள் கணக்கில் போட்டபடியே விடாதே. உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். மழை இல்லாத மாலையில் உருவிவிட்டுக் காற்றுப் பட வை.

ஒவ்வொரு முறையும் மறக்காமல் துடைக்க வேண்டியது, உள்ளே இடது சுவரில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பி. சூட்டை அளக்கும் கம்பி. இதைப் பற்றி உனக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. ஆயுத பூசைக்குக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், கிரில்லை மட்டும் விடலாமா என்று அதன் மூடிக்கும் தொட்டிக்கும் வைத்தேன். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். அப்புறம் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பளபளவென்று இது ஒன்று நிற்கிறது. இதுதான் உயிர்நிலை போலிருக்கிறது என்று நினைத்து, கை நிறையச் சந்தனம் எடுத்துத் தாராளமாகவே பூசிவிட்டேன். அடுத்த வாரம் நீ வைத்த கோழி கரிக்கட்டையாக வெளியே வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். காய்ந்த சந்தனத்துக்கு உள்ளே இருந்த கம்பிக்குச் சூடு நேரத்துக்குத் தெரியவில்லை. இன்னும் குளிராக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி இயந்திரம் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நீ இணையத்தில் எங்கெங்கோ தேடினாய், எண்களை மாற்றிப் பார்த்தாய். கடைசியில் நான்தான் துடைக்கும்போது என் கைவேலையைக் கண்டுபிடித்து உன்னைக் கூப்பிட்டேன். நீ போர்ச் தரையிலேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாய். "அம்மா, மரியாதை குடுக்கறேன்னு அதோட வாயைப் பொத்திட்டீங்க" என்றாய்.

அந்த வார்த்தை இந்த ஒரு வாரமாக என் காதில் திரும்பத் திரும்ப வருகிறது.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். கம்பித் தட்டுகளை எடுத்து வெளியே சாய்த்து வைத்தேன். கொழுப்பு வடியும் தட்டை வழித்தேன். அதற்கடியில் இருக்கும் இரும்புத் தகட்டையும் தூக்கினால், நடுவில் நெருப்புக் கிண்ணம், நம் டீ கிளாஸைவிடக் கொஞ்சம் பெரியது. மொத்த அடுப்பும் அந்தக் கிண்ணத்தில்தான் எரிகிறது. அதன் சுவரில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் காற்று வரும். துளை அடைத்தால் நெருப்பு திணறும். வழக்கமாக அதில் இருப்பது வெளிர்ச் சாம்பல், திருநீறு மாதிரி. ஊதினால் பறக்கும். தூசி உறிஞ்சும் வேக்கும் குழாயை ஒரு தடவை காட்டினால் போதும். சாம்பல் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அது முக்கியம். உள்ளே ஒரு பொறி இருந்தாலும் வேக்கும் பையே எரிந்துவிடும். இன்று வேக்கும் அசைக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு ஒரு கட்டி. திருப்புளியால் நெம்பியதும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எனக்குத் தெரியாத வாசனை இல்லை. எங்கள் தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகை அதிகம் சூடாகி, பசை பொசுங்கும்போது வருமே, அதற்குச் சித்தப்பா முறை. இத்தனை வருடமாகப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பலகைகளைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. இது தேறாது.

போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி வீட்டார் மூவாரிலிருந்து வந்து இறங்கியபோது, உன் மாமனார் முதலில் தூக்கிக்கொண்டு வந்தது பழத்தட்டை அல்ல, ஒரு பெல்லட் மூட்டையை. தோளில் போட்டுக்கொண்டு, மனைவியை முந்திக்கொண்டு, வெற்றிலைப் பாக்குக்கு முன்னால் அதை நம் வாசலில் இறக்கினார். நாற்காலித் தொழிற்சாலையில் மரம் உலர்த்தும் பகுதி அவர் பொறுப்பு. அங்கே சேரும் மரத்தூளைப் பெல்லட்டாக அழுத்திக் கொதிகலனுக்குப் போடுகிறார்களாம். மாப்பிள்ளைக்கு ஆகுமே என்று, சனிக்கிழமை வேலை முடிந்தபிறகு முதலாளியிடம் கேட்டு, தூளைத் தனியாகச் சலித்து, தானே நின்று அழுத்தினாராம். ஒரு கைப்பிடி எடுத்து உன் உள்ளங்கையில் வைத்து, "பாருங்க மாப்ள, கடைல வாங்கறது இவ்வளவு சீரா இருக்காது" என்றார். உண்மைதான், அவ்வளவு சீராக இருந்தது. தொட்டியில் இருந்ததை அள்ளிவிட்டு அவருடையதைக் கொட்டினாய். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் கிரில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பசை பொசுங்கும் வாசனையோடு புகை வரத் தொடங்கியதும் நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். காற்று மாறி வீசுகிறது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கொதிகலனுக்கு அது நல்ல பெல்லட்டாகத்தான் இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்தின் தூளும் ஒரே குழாய் வழியாக ஒரே கூண்டில்தான் விழும் என்று அவரே பெருமையாக விளக்கினாரே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மரத்தோடு பலகைப் பசையும் வார்னிஷும் சேர்ந்தே வந்திருக்கிறது. சலித்தால் கல்லும் ஆணியும் போகும், பசை போகாது. சாப்பாட்டுக்கு வைக்கும் பெல்லட்டில் வெறும் மரம்தான் இருக்க வேண்டும்.

கோழியைப் பரிமாறியதும் எல்லாரும் பாராட்டினார்கள். உன் அப்பா மிளகாய்ச் சம்பாலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். நீ உன் மாமனார் எதிரில் உட்கார்ந்து இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாய். அப்போதுதான் அவர் உன் தோளில் கை போட்டு, "இனிமே மாப்ளைக்குப் பெல்லட் வாங்கற கவலையே இல்ல. நான் இருக்கற வரைக்கும் மூட்டை வந்துகிட்டே இருக்கும்" என்றார். நீ, "சரி மாமா" என்றாய். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் நான் தட்டுகளை எடுக்க எழுந்துவிட்டேன்.

பாத்திரம் எடுத்து வைக்கும்போது தர்ஷினி எனக்கு உதவ வந்தாள். அவள் அம்மாவின் தட்டை நான்தான் எடுத்தேன். கோழித்துண்டு சோற்றுக்கடியில் பத்திரமாகப் புதைக்கப்பட்டிருந்தது. தர்ஷினியும் பார்த்துவிட்டாள். நான் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவ, அவள் துணியோடு பக்கத்தில் நின்றாள். அப்புறம் அவள் மெல்ல, "அப்பா அந்தச் சனிக்கிழமை ஓவர்டைம்கூட எடுக்கல, அத்தை. இருட்டின பிறகுதான் வந்தாங்க. தலையெல்லாம் தூளு" என்றாள். அவள் என்னிடம் எதையோ கேட்டாள், தம்பி. சொல்லாதீங்க என்று கேட்டாளா, நீங்களாவது சொல்லுங்க என்று கேட்டாளா என்றுதான் எனக்கு விளங்கவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் உன்னிடம் பேச்சை எடுத்தேன். "நானும் கண்டேம்மா. இப்ப வேணாம். கல்யாணம் முடியட்டும்" என்றாய். கல்யாணம் முடிந்தபிறகு சொல்வாயா என்று கேட்டதற்குக் கைப்பேசியைப் பார்த்தாய். அப்பாவிடம் கேட்டால், வார்னிஷ் அடித்த கோழி பத்து வருடத்துக்குக் கெடாது, கல்யாணத்துக்கும் இதையே போட்டுவிடலாம் என்கிறார். சிரித்து முடித்துவிட்டு, சம்பந்தி ஆசையாகக் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது, பேசாமல் வாங்கி ஓரமாக வைத்துவிட வேண்டியதுதானே என்றும் சொன்னார். ஓரமாக எங்கே வைப்பது? இங்கே தம்போயில் வைக்கலாம். மூவாரில், அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு, வேறு பெல்லட்டை ஒளித்து ஒளித்து வாங்குவாயா? அவர் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வாய்? அவருக்கு எதிரில் அந்தப் புகையில் வெந்ததை நீயும் தின்று, தர்ஷினிக்கும் கொடுத்து, நாளைக்கு ஒரு பிள்ளை வந்தால் அதற்கும் ஊட்டுவாயா? மாட்டாய். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். வேலை அதிகம், நேரமில்லை என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கிரில்லை மூடி வைத்துவிடுவாய். உனக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பெயர் மரியாதை என்று வைத்துக்கொள்வாய். எனக்கு அதுதான் பயம்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பார்த்திருக்கிறாயா? நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைக் கிளிக்கூண்டு என்று சொல்வாய். அத்தனையும் கிளிப்பச்சைச் சேலை. கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு, அப்பாவின் அக்கா, உன் தங்காக் அத்தை, ஒரு சேலை வாங்கிக்கொண்டு வந்தார். தங்காக்கில் இருப்பவர், ஊர் முழுக்கத் துணிக்கடை, எந்த நிறம் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். பிரித்தேன். அந்தப் பச்சை. என் நிறத்துக்கு அதைக் கட்டினால் மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி இருப்பேன். புது மருமகள், நாலு பேர் பார்க்கிறார்கள். "எனக்கு ரொம்பப் பிடிச்ச கலர், அண்ணி" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அவ்வளவுதான். அதற்குப்பின் ஒரு தீபாவளியும் தப்பவில்லை.

இத்தனை வருடமும் இது என்னுடைய தியாகம் என்றுதான் நினைத்திருந்தேன். பிடிக்காததைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மனுஷியைச் சந்தோஷமாக வைத்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. போன தீபாவளிக்கு நாம் தங்காக் போனபோது, நீயும் அப்பாவும் சாப்பிடப் போய்விட்டீர்கள், அத்தை என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். முதல் கடையில் அவரைப் பார்த்ததுமே கடைக்காரர், இந்தத் தடவை உங்க பச்சை வரலையே அக்கா என்றார். அடுத்த கடையிலும் இல்லை. மூன்றாவது கடையில் மாடிக்குப் போகச் சொன்னார்கள். அவருக்கு முழங்கால் வலி, உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார். எதுக்கு அண்ணி இந்தப் பாடு, வேறு எதையாவது எடுக்கலாமே என்றேன். "சும்மா இரு. எனக்கு இந்தக் கலரு கண்ணுலயே குத்தும். ஒனக்குப் பிடிக்கும்ல, அதுக்குத்தானே வருஷா வருஷம் அலையறேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் படிக்கட்டில் எனக்கு வந்த வெட்கத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு நிறத்தைத் தேடி, ஒரு நல்ல மனுஷி முழங்காலைத் தேய்த்திருக்கிறார். என் ஒரு பொய்யான வார்த்தைக்கு விலை நான் கொடுக்கவே இல்லை, அவர் கொடுத்திருக்கிறார். அப்போதாவது வாயைத் திறந்தேனா? மாடியில் ஒரு சேலை கிடைத்தது. "நல்லாருக்கு, அண்ணி" என்றேன்.

அதனால்தான் உன் மாமனாரின் தலையில் படிந்த தூள் என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நாம் பேசாமல் இருந்தால் அவர் அடுத்த சனிக்கிழமையும் ஓவர்டைமை விட்டுவிட்டு அழுத்துவார். அதற்கடுத்த சனிக்கிழமையும். நாம் வாங்கி ஓரமாக வைப்போம், அல்லது வெளியே கொட்டுவோம். அவரை நோகடிக்காமல் இருக்கிறோம் என்று நமக்குள் சொல்லிக்கொள்வோம். கம்பிக்குச் சந்தனம் பூசிய கதைதான், தம்பி. பாசமுள்ளவர்கள் நம் முகத்தைப் பார்த்துத்தான் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். முகத்தை மூடிவிட்டு, அவர்கள் அதிகம் தள்ளுகிறார்கள் என்று குறை சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

கறுப்புக் கட்டியைப் பெயர்த்தபிறகு துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். புகைக்குழாய்க்குள் பார்த்தால் குளவி ஒன்று மண்ணில் வீடு கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வாரம் சும்மா விட்டதற்கே இப்படி. மூவாரில் ஆற்றுக்காற்று வேறு. மாதம் ஒருமுறையாவது அதற்குள் எட்டிப் பார். கம்பித் தட்டுகளைச் சூட்டோடு சுரண்டுவதுதான் சுலபம், ஆறினபின் இரண்டு மடங்கு வேலை. சுரண்டியதும் ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் தடவி வை. இரும்பு நார் போட்டுத் தேய்க்காதே, அதன் இழை ஒடிந்து கறியில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு வாளிக்குள் அலுமினியத் தாள் போட்டு வைத்தால் தாளோடு தூக்கி எறிந்துவிடலாம். சாக்கடையில் மட்டும் ஊற்றாதே. நம் வீட்டுச் சாக்கடை இரண்டு முறை அடைத்தது யாரால் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. எல்லாம் மாட்டி முடித்து, நம் பழைய பெல்லட்டை ஒரு கைப்பிடி போட்டு, மூடியைத் திறந்து வைத்தபடியே பற்றவைத்தேன். முதலில் வெள்ளைப் புகை. அப்புறம் அது மெலிந்து, நீலமாகி, கண்ணுக்கே தெரியாமல் போனது. விறகு வாசம் மட்டும் நின்றது. எல்லாவற்றையும் செய்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். சமைக்கிற உனக்கு இது கிடைத்திருக்காது.

இதைத் தர்ஷினியோடு சேர்ந்து செய். ஒருவர் சமைத்து ஒருவர் துடைப்பது எங்கள் காலத்தோடு போகட்டும். சாம்பல் அள்ளும்போது அவளிடம் கேள், இன்றைக்கு எப்படி இருந்தது என்று. உப்பு அதிகம் என்றால் அதிகம் என்று சொல்லட்டும். முகம் சுளிக்காதே. நீயும் சொல். முதல் வருடத்தில் சொல்லாதது பிறகு வாயில் வருவதே இல்லை என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்கு வர வேண்டாம். அவள் சொல்லக்கூடியவள் என்றுதான் நினைக்கிறேன். குழாயடியில் அவள் நின்ற விதத்தை நினைத்துப் பார்க்கப் பார்க்க, நீங்களாவது சொல்லுங்க என்றுதான் கேட்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது.

நாளைக்கு நீயும் அப்பாவும் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் பொந்தியான் பக்கம் போகிறீர்கள். வீட்டில் வேலை இருக்கிறது, நான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லை. அப்பா மோட்டார் சைக்கிளை எடுக்கட்டும், எனக்குக் கார் வேண்டும். கூலாய்க்கு அந்தப் பக்கம் நான் தனியாக ஓட்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பிரேக், பிரேக் என்று சொல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். முதலில் தங்காக்கில் இறங்குவேன். நேற்று உன் அத்தை போன் செய்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று பட்டிலேயே கிளிப்பச்சை சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். உன் கல்யாணப் படத்தில் நான் அந்தப் பச்சையில் நிற்கப் போவதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டு, அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று முதல் தடவையாகக் கேட்கப் போகிறேன்.

அங்கே சொல்ல முடிந்துவிட்டால் மூவாரிலும் முடியும். அந்தக் கறுப்புச் சில்லுகளைப் பால்மாவு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், உன் மாமனார் பார்க்க விரும்பினால் காட்டுவதற்கு. மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அறுத்த மரம் பசை படுவதற்கு முன்னால் அவருடைய உலர்த்தும் அறையில் இருக்கிறதே, அதிலிருந்து சீவிய தூளில் அழுத்தித் தர முடியுமா என்று கேட்கப் போகிறேன். முடிந்தால் அவருடைய சனிக்கிழமைக்கு ஓர் அர்த்தம் இருக்கும். முடியாவிட்டால், கடைப் பெல்லட்டே போதும், நீங்கள் நாற்காலி மட்டும் கொண்டு வாருங்கள் என்பேன். கோபித்துக்கொள்வாரா? கொஞ்ச நேரம் கோபித்துக்கொள்ளலாம். மகளை நமக்குக் கொடுக்கிறவர், ஒரு மூட்டைக்காக முறித்துக்கொள்ளக் கூடியவராக எனக்குத் தெரியவில்லை. அப்படியே இருந்தாலும் அது இப்போதே தெரிவது நல்லது.

இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும். நீ இதைப் படிக்கும்போது போய்விட்டு வந்திருப்பேன். முதல் வாக்கியத்தை மட்டும் காலையிலிருந்து, சாம்பல் அள்ளும்போதும் எண்ணெய் தடவும்போதும், வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைத்தால் கடைசியில் "நல்லாருக்கு" என்று முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் மூவாரில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவர்கள் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, சொல்லிவிடப் போகிறேன்.

"அண்ணே, அன்னிக்குக் கோழி நல்லா இல்லண்ணே. வாங்க, உக்காந்து பேசுவோம்."

அம்மா